ரெசல்யூஷனை 4-லிருந்து 1-க்கு மாற்றினேன், ஸ்பெக்ட்ரம் கோரைப்புல் மாதிரி ஆகிவிட்டது

மணல்_சல்லடை | இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறேன். ராமேஸ்வரம் தீவின் தென்கரையில், குந்துகாலிலிருந்து தனுஷ்கோடி வரை அலை ஒதுக்கும் மணலைச் சலித்து, அதில் கிடக்கும் பிளாஸ்டிக் துணுக்குகள் என்ன வகை என்று பார்ப்பதுதான் வேலை. எல்லாம் 1 முதல் 5 மில்லிமீட்டர். மேசை மேல் வைக்கிற எஃப்.டி.ஐ.ஆர் (பொருள் அகச்சிவப்பு ஒளியை எங்கெங்கே உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் கருவி), வைர ஏ.டி.ஆர் (துணுக்கை அழுத்தி வைக்கும் வைர முகம்), சாதாரண டி.டி.ஜி.எஸ். டிடெக்டர். 16 ஸ்கேன், ரெசல்யூஷன் 4. (ரெசல்யூஷன் என்பது ஒட்டி நிற்கும் இரண்டு பீக்கை, அதாவது வரைகோட்டின் மேட்டை, பிரித்துக் காட்டும் கூர்மை; எண் குறையக் குறையக் கூர்மை கூடும். 4 என்றால் 4 செ.மீ⁻¹. இனி அலகு எழுதவில்லை, எல்லாமே அதுதான்.)

வெள்ளைத் துணுக்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்று லைப்ரரி (தெரிந்த பொருள்களின் ஸ்பெக்ட்ரத் தொகுப்பு) சொல்கிறது. ஆனால் சிலதில் 720 பக்கத்தில் இரட்டை பீக் வரவேண்டிய இடத்தில் ஒரே மேடு, அதுவும் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. கைடிடம் காட்டினேன். “ரெசல்யூஷனைக் கூட்டிப் பாரும்மா” என்றார். கூட்டி 1 வைத்தேன், மற்றதை எதையும் தொடவில்லை.

1400-லிருந்து 1900 வரைக்கும், 3600-க்கு மேலும் ஊசி ஊசியாக ஏறிவிட்டது. மிச்ச இடமெல்லாம் மயிர்க்கூச்செறிந்த மாதிரி. லைப்ரரி மதிப்பெண்ணும் சரிந்துவிட்டது. கருவி கெட்டுவிட்டதா? இன்னும் 180 துணுக்கு பாக்கி.

பரமக்குடி_பழசு | இரவு 9:50

கருவி கெடவில்லை தாயி. நீ கேட்டதை அது கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பழைய கிரேட்டிங் கருவி காலத்து ஆள். அதில் ஒளி நுழையும் இடுக்கை, ஸ்லிட்டை, பாதியாகக் குறுக்கினால் பீக் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் கால்வாசிக்கு இறங்கும். திருகைத் திருப்பும்போதே ஊசி நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதனால் விலை என்ன என்று கைக்கே தெரிந்திருந்தது. இப்போது ஒரு பட்டியலில் 8, 4, 2, 1 என்று வரிசையாக இருக்கிறது. எல்லாம் ஒரே விலை என்று தோன்றிவிடுகிறது.

பாம்பன் தெற்குவாடியில் நின்று, தூரத்தில் போகும் இரண்டு படகின் இன்ஜின் சத்தம் கேட்டிருக்கிறாயா? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் தடதடக்கும். முதல் சில நொடி ஒரே படகு மாதிரிதான் இருக்கும். காதைக் கொடுத்து நின்றால் ஒன்று மற்றதை விட்டு விலகுவது தெரியும், அப்புறம் மறுபடி சேரும். வேகம் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நேரம் கேட்டால்தான் படகு இரண்டு என்று அடித்துச் சொல்ல முடியும். கருவிக்குள் நகர்கிற கண்ணாடி செய்வதும் இதுதான், நேரத்துக்குப் பதில் தூரம். உள்ளே இரண்டாகப் பிரிந்து போகும் ஒளிக்கதிர்களின் பாதை வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டரோ, 1-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய ரெசல்யூஷன். 4 வேண்டுமென்றால் கால் சென்டிமீட்டர் வித்தியாசம். கதிர் போய்த் திரும்புவதால் கண்ணாடி அதில் பாதி, 1.25 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 1 வேண்டுமென்றால் 5 மில்லிமீட்டர் போகவேண்டும்.

உன் துணுக்கு மாதிரிப் பொருளுக்கு இன்டர்பெரோகிராமின் (கண்ணாடி நகர நகரப் பதிவாகும் சிக்னல்) நடுவில் ஒரு பெரிய வெடிப்பு இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகச் சிக்னல் தேய்ந்துவிடும், ஆனால் இரைச்சல் தேயாது. 1 வைக்கும்போது அந்த வெறும் ஓரத்தையும் சேர்த்து அள்ளுகிறாய். மடி வலையை ஆழமாக இறக்கினால் சகதியும் வரத்தானே செய்யும்.

கணக்கு இதுதான். ஸ்கேன் எண்ணிக்கையை மாற்றாமல் 4-லிருந்து 1-க்குப் போனால் இரைச்சல் இரண்டு மடங்கு. அதைப் பழையபடி இறக்க ஸ்கேனை 4 மடங்காக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனும் ஏற்கெனவே 4 மடங்கு நேரம் எடுக்கிறது. ஆக 16 மடங்கு நேரம். உனக்கு இப்போது ஒரு துணுக்குக்கு 25 நொடி ஆகிறது என்று வைத்தால் 400 நொடியாகும். 180 துணுக்குக்கு 20 மணி நேரம். கரண்ட் போகாமல் இருந்தால்.

கருவி_வைத்தியன் | இரவு 10:31

ஐயா சொன்னது பாதிக்கதை. மயிர்க்கூச்செறிந்தது இரைச்சல், சரி. ஆனால் 1400–1900-இல் வந்த ஊசிகள் இரைச்சல் இல்லை, காற்றில் இருக்கிற நீராவி. இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு.

பிரித்துப் பார்ப்பது சுலபம். ஒரே துணுக்கை அசைக்காமல் அடுத்தடுத்து இரண்டு தடவை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுங்கள். ஊசிகள் இரண்டிலும் அச்சு அசலாக அதே இடத்தில் விழுந்தால் நீராவி. ஆளுக்கொரு பக்கம் போனால் இரைச்சல்.

நீராவிக் கோடு ஒவ்வொன்றும் ரொம்பச் சன்னம், 1-ஐ விடவும் சன்னம். 4-இல் அதெல்லாம் கரைந்து லேசான நெளிவாக இருக்கும். 1-க்குப் போனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அதாவது ரெசல்யூஷன் கூட்டியதில் பெரிதாக லாபமடைந்தது உங்கள் பிளாஸ்டிக் இல்லை, மண்டபத்துக் காற்று. பிளாஸ்டிக் பீக்குகள் அகலமானவை, அவற்றுக்கு அந்தக் கூர்மையால் பெரிய வித்தியாசம் கிடையாது.

நாலு கேள்வி:
சிலிக்கா ஜெல் (கருவிக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) கடைசியாக எப்போது மாற்றினீர்கள், நிறம் என்ன? பேக்ரவுண்ட் (துணுக்கு வைக்காமல் எடுக்கும் வெறும் ஸ்கேன்) எத்தனை மணிக்கு ஒரு தடவை எடுக்கிறீர்கள்? ரெசல்யூஷனை மாற்றியபின் பேக்ரவுண்டைப் புதிதாக எடுத்தீர்களா? துணுக்கை வைத்து ஏ.டி.ஆர். கைப்பிடியை இறுக்கும்போது குனிந்து அதன் மேல் மூச்சு விடுகிறீர்களா? சிரிக்காதீர்கள், இது நிஜமான கேள்வி.

தொண்டிக்காரன் | இரவு 11:05

இவ்வளவு சிரமம் எதுக்கு? ரெசல்யூஷனை 4-லேயே விட்டுவிட்டு, டேட்டா ஸ்பேசிங்கை (புள்ளிக்குப் புள்ளி இடைவெளி) மட்டும் 0.5 ஆக்குங்க. ஜீரோ ஃபில்லிங்கைக் கூட்டினால் போதும். கோடு வழவழன்னு வரும், இரைச்சலும் கூடாது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பரமக்குடி_பழசு | காலை 6:20

› கோடு வழவழன்னு வரும்

வரும் தம்பி. ஆனால் அது புள்ளிகளுக்கு நடுவே இன்னும் நாலு புள்ளி வைத்த வழவழப்பு. கண்ணாடி கூடுதலாக ஒரு மயிரிழைகூட நகரவில்லை. கேட்காத சத்தத்துக்குப் பதில் சுழியத்தை ஒட்டி வைத்தால் இரண்டாவது படகு எங்கிருந்து வரும்? பீக்கின் உச்சி எங்கே என்று சரியாகப் படிக்க ஒரு மடங்கு ஜீரோ ஃபில்லிங் நல்லதுதான், நானும் போடுவேன். ஒட்டியிருக்கிற இரண்டு பீக்கைப் பிரிக்க அது உதவாது.

கோப்பில் ‘ஸ்பேசிங்’ என்று வரும் எண்ணும் ‘ரெசல்யூஷன்’ என்று வரும் எண்ணும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாத ஆள் குறைவு.

மணல்_சல்லடை | மதியம் 1:40

ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. காலையிலேயே உட்கார்ந்து சோதித்தேன்.

ஊசிகள் இரண்டு தடவையும் அதே இடத்தில்தான் விழுந்தன. நீராவிதான்.

சிலிக்கா ஜெல் நீலமாக இருக்க வேண்டியது மொத்தமாக ரோஸ். எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஜன்னல் கடலைப் பார்த்தது, ஏ.சி. வேலை செய்யாத நாளில் திறந்துதான் வைப்போம். இப்போது கொண்டல் காற்று வேறு. காலையில் 9 மணிக்கு ஒரு பேக்ரவுண்ட் எடுத்து மதியம் வரை அதையேதான் ஓட்டியிருக்கிறேன். ரெசல்யூஷன் மாற்றியபோது சாப்ட்வேரே பழையது பொருந்தாது என்று சொல்லிவிட்டது, அதனால் அது மட்டும் புதிது.

மூச்சு விஷயம்: சிரித்தேன், அப்புறம் செய்து பார்த்தேன். கைப்பிடியை வழக்கம்போலக் குனிந்து இறுக்கி உடனே ஸ்கேன் செய்தால் 2350 பக்கம் கார்பன் டை ஆக்சைடு இரட்டைக் கொம்பு மாதிரி வருகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு இறுக்கி, 30 நொடி கழித்து எடுத்தால் கொம்பு கிட்டத்தட்ட இல்லை. இத்தனை மாதமாக என் மூச்சையும் சேர்த்துத்தான் அளந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஐயா இரைச்சல் இரண்டு மடங்கு கூடும் என்றார். பீக் எதுவும் இல்லாத 2500–2600 இடத்தில் அளந்து பார்த்தேன். எனக்கு ஏறக்குறைய 2.8 மடங்கு வருகிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன். அபர்ச்சரை (ஒளி வரும் துளை) மாற்றவில்லை. சிலிக்கா ஜெல் காரணமா?

கருவி_வைத்தியன் | மதியம் 2:15

இல்லை. அந்த இடத்தில் நீராவிக்கு வேலை இல்லை.

2.8 என்பது 8-இன் வர்க்கமூலம். ஸ்கேன் எண்ணிக்கை மாறாதபோது இரைச்சல் ரெசல்யூஷன் விகிதத்தின் வர்க்கமூலமாகக் கூடும். 4-லிருந்து 1-க்கு என்றால் 2. உங்களுக்கு 2.8 வருகிறதென்றால் நீங்கள் கிளம்பிய இடம் 4 இல்லை, 8.

பழைய கோப்பு ஒன்றைத் திறந்து பாருங்கள். ‘ஸ்பேசிங்’ வரியை இல்லை, ‘ரெசல்யூஷன்’ வரியை.

மணல்_சல்லடை | மதியம் 2:38

8.

சீனியர் ஒருவர் சேமித்து வைத்த மெத்தட் கோப்பு. ஜீரோ ஃபில்லிங் இல்லை, அதனால் ஸ்பேசிங் சுமார் 4 என்று காட்டுகிறது. அந்த 4-ஐத்தான் நான் ரெசல்யூஷன் என்று நினைத்திருக்கிறேன். குறிப்பேட்டில், அரையாண்டு அறிக்கையில் எல்லாம் 4 என்றே எழுதிவிட்டேன். ஐயா காலையில் எழுதியதைப் படித்தபோதுகூட அது தொண்டி அண்ணனுக்குத்தான் என்று நினைத்தேன்.

தொண்டிக்காரன் | மதியம் 2:44

எனக்கும்தான் 🙂 நானும் என் கோப்பைத் திறந்து பார்க்கப் போகிறேன், பயமாக இருக்கிறது.

பாசி_வீடு | மாலை 4:10

8 என்றால் ஏதோ குற்றம் மாதிரி பேசாதீங்க. நான் கடல்பாசி ஆள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, அப்புறம் நம் ஊரில் பெப்சி பாசி என்கிற கப்பாபைக்கஸ், எல்லாம் பார்க்கிறேன். பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் பசையில் எனக்கு வேண்டியது 1240 பக்கம் சல்பேட், 930, 845, ஐயோட்டா வகை என்றால் கூடவே 805. எல்லாம் 20, 30 அகலத்துக்குப் படர்ந்து கிடக்கும் மேடுகள். 8-இல் எடுத்தாலும் 4-இல் எடுத்தாலும் ஒரே படம். 8-இல் பாதி நேரம், நீராவித் தொல்லையும் குறைவு. 1-இல் எடுத்தால் காய்ந்த பாசி அதே பாசிதான், நேரம்தான் போகும்.

கருவி_வைத்தியன் | மாலை 4:32

பாசிக்கு 8 சரி, சண்டையே இல்லை. மேடு 30 அகலம் என்றால் 8 வலைக்கண்ணே தாராளம். ஆனால் பாலிஎத்திலீனின் 720-ம் 730-ம் 10 இடைவெளியில் நிற்கின்றன. 8-இல் அது விளிம்பில் நிற்கிற விஷயம். ஒட்டிக்கொண்டு தெரிவது இயல்பு.

பரமக்குடி_பழசு | மாலை 5:05

வெறும் பாலிஎத்திலீன் என்றால் 8-இல் பள்ளம் தூர்ந்து மேடாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மகள் முதல் பதிவிலேயே ‘ஒரு பக்கம் சரிந்து’ என்று எழுதியிருக்கிறாள். எந்தப் பக்கம் தாயி? 700 பக்கமா?

அப்படியென்றால் உன் துணுக்கோடு இன்னொரு ஆள் ஒட்டியிருக்கிறான். மன்னார் வளைகுடா மணலில் பவளமும் சிப்பியும் பொடிந்து கிடக்கின்றன. பவளம் என்றால் அரகோனைட், சுண்ணாம்பின் ஒரு படிக வகை. அதற்கு 713-இலும் 700-இலும் இரண்டு சின்ன பீக் உண்டு. 720-க்கு அடுத்த வீடு. 8-இல் 720-ம் 713-ம் சேர்ந்து ஒரே மேடாகத்தான் தெரியும். சந்தேகம் என்றால் 855 பக்கமும் 1083-ம் பார், அங்கே பாலிஎத்திலீனுக்கு வேலையில்லை. 855-க்குப் பதில் 875 வந்து, 700 இல்லாமல் போனால் அது கால்சைட், அதே சுண்ணாம்பின் இன்னொரு படிக வகை.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு ஒரு பெயின்ட் மாதிரியில் நிரப்பியாகப் போட்டிருந்த சுண்ணாம்பை இரண்டு வாரம் பாலிமர் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

மணல்_சல்லடை | மறுநாள் இரவு 8:55

700 பக்கம்தான் ஐயா!

37-ஆம் எண் துணுக்கு, தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குச் சற்று முன்னால் எடுத்தது. கயிற்று நார் பிய்ந்த மாதிரி இருக்கும். லென்ஸில் பார்த்தால் நாரின் மடிப்பில் வெள்ளைப் பொடி பதிந்திருக்கிறது, ஊசியால் சுரண்டினாலும் முழுக்கப் போகவில்லை.

ஒரே இடத்தை அசைக்காமல் 8, 4, 2 மூன்றிலும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி பேக்ரவுண்ட், உடனுக்குடன். ஸ்கேன் முறையே 16, 32, 64.

8-இல் பழையபடி சரிந்த மேடு. 4-இல் 730-ம் 720-ம் நடுவில் பள்ளத்தோடு தனியாக நின்றன, 720-இன் தோளில் 713, அதைத் தாண்டி 700 சின்னதாக ஆனால் தெளிவாக. 2-இல் பள்ளம் ஒரு நூல் ஆழமானது, அவ்வளவுதான். புதிதாக எதுவும் முளைக்கவில்லை.

அப்புறம் துணுக்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டேன். நுரை தள்ளியது. கழுவி உலர்த்தி மறுபடி 4-இல் எடுத்தால் 713, 700, 855 மூன்றும் காணோம், 720-ம் 730-ம் மட்டும் அழகாக நிற்கின்றன. பாலிஎத்திலீன் கயிறு.

கருவி_வைத்தியன் | இரவு 9:20

அருமை. ஒரு எச்சரிக்கை: எல்லாத் துணுக்கையும் அமிலத்தில் போட்டுவிடாதீர்கள். தங்கூசி வலைத் துண்டு வந்தால் அது நைலான், வீரிய அமிலம் அதன் சங்கிலியை அறுக்கும். நீர்த்தது, குளிர்ந்தது, சில நிமிடம் மட்டும்.

நைலானின் அமைடு பீக்குகள் 1640-இலும் 1540-இலும், அதாவது நீராவிக் கோடுகளுக்கு நட்டநடுவில். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கில் கார்பனைல் 1715 பக்கம் வருவதும் அதே பேட்டைதான். ஈரப்பதம் சரியில்லாத நாளில் அந்த இடத்தை நம்பி எண் எழுதவேண்டாம்.

8, 4, 2 என்று இறங்கிப் பார்த்து உருவம் மாறுவது எங்கே நிற்கிறதோ அங்கே நிற்பதுதான் நானும் எல்லாரிடமும் சொல்வது. உங்களுக்கு அது 4.

பாசி_வீடு | இரவு 9:41

அப்போ 180-ஐயும் 4-லேயே எடுக்கவேண்டுமா? எல்லாவற்றையும் முதலில் 8-இல் ஓட்டிவிட்டு, சந்தேகமானதை மட்டும் 4-இல் எடுத்தால் என்ன?

கருவி_வைத்தியன் | இரவு 9:58

எடுக்கலாம், ஆனால் நான் செய்யமாட்டேன். துணுக்கை இடுக்கியால் எடுத்து, வைத்து, இறுக்கி, மூச்சு அடங்கி, அப்புறம் வைரத்தைத் துடைக்க இரண்டு நிமிடம் ஆகிறது. ஸ்கேனில் 12 நொடி மிச்சம் பிடித்து என்ன செய்ய? தவிர லைப்ரரியிலும் நிறைய ஸ்பெக்ட்ரம் 4-இல் எடுத்ததுதான். ஒப்பிடுவது எளிது.

மணல்_சல்லடை | இரவு 10:10

கைடு இன்னும் “1-இல் ஒன்றாவது போடு, விமர்சகர் கேட்பார்” என்கிறார். என்ன சொல்ல?

பரமக்குடி_பழசு | இரவு 10:45

1 எதற்கென்று கேட்டால் வாயுவுக்கு என்று சொல். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை எடுத்துக்கொள். 2886-க்கு இரு புறமும் சுமார் 20 இடைவெளியில் வேலிக்கால் மாதிரி வரிசையாகக் கோடுகள். 4-இல் ஒவ்வொரு காலும் ஒற்றையாகத் தெரியும். 1-இல் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும், 2 இடைவெளியில். குளோரின்-35 ஒன்று, குளோரின்-37 ஒன்று. உயரம் கூட மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது நான் ஆய்வகத்திலிருந்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கே கோடு இயல்பிலேயே சன்னம், அதனால் கொடுத்த காசுக்குச் சரக்கு உண்டு.

கயிற்று நாரில் பீக்கின் சொந்த அகலமே அதைவிடப் பெரிது. கைடிடம் 8, 4, 2 மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சடித்து மேசையில் வை. வாதம் வேண்டாம். அவரும் ஸ்பெக்ட்ரம் பார்க்கத் தெரிந்தவர்தானே.

அறிக்கையில் 4 என்று போட்டதை 8 என்று திருத்திவிடு. அதைத் தள்ளிப்போடாதே.

கருவி_வைத்தியன் | இரவு 11:02

கடைசியாக ஒன்று. கருவி நீங்கள் கேட்ட ரெசல்யூஷனை உண்மையில் தருகிறதா என்றும் பாருங்கள். கூட வந்த பாலிஸ்டைரீன் ஃபிலிமை, ஏ.டி.ஆரில் இல்லை, ஒளி ஊடுருவிப் போகும்படி நேர்வழியில் வையுங்கள். 2849.5 மேட்டுக்கும் 2870 பள்ளத்துக்கும் அப்சார்பன்ஸ் (உறிஞ்சல் அளவு) வித்தியாசம் 0.33-க்கு மேல், 1583 மேட்டுக்கும் 1589 பள்ளத்துக்கும் 0.08-க்கு மேல் வரவேண்டும், சுமார் 35 மைக்ரான் ஃபிலிமுக்கு. மருந்துக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் சோதனை. 1601 பீக் இடம் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தயவுசெய்து இரவில் கருவியை அணைக்காதீர்கள். உள்ளே ஒளியை இரண்டாகப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் பொட்டாசியம் புரோமைடு, அது உப்பு, கடற்காற்றில் வேர்க்கும். சூடாக இருந்தால் ஈரம் அண்டாது. கடற்கரையோரம் ஒரு ஆய்வகத்தில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் பூட்டி அணைத்து வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் பீம் ஸ்பிளிட்டர் மோர் ஊற்றிய கண்ணாடி மாதிரி வெளுத்திருந்தது. அதன் விலையைக் கேட்டு அங்கே ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தொண்டிக்காரன் | மறுநாள் காலை 10:15

என் கோப்பைத் திறந்து பார்த்தேன். 16.

மணல்_சல்லடை | மறுநாள் காலை 11:30

தொண்டி அண்ணே 😀

மூன்று படத்தையும் கைடு மேசையில் வைத்தாயிற்று. ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். “சரி, 4” என்றார், அப்புறம் 37-ஆம் எண்ணை எங்கே எடுத்தாய் என்று கேட்டார். அறிக்கைத் திருத்தமும் அனுப்பிவிட்டேன். சிலிக்கா ஜெல் ஓவனில் 120 டிகிரியில் வெந்துகொண்டிருக்கிறது, ஓரத்தில் நீலம் திரும்பத் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து இரண்டு தடவை கரண்ட் போய்விட்டது, அதுதான் கவலை.